வழக்கில் வென்றது நமக்கு உரியதாகிவிடுமா?



வியாபாரிகளாகிய நமக்கு நாணயம் என்றால் என்னவென்று பிறர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. நிறுவையில் குறைத்தல் பாவம், சரக்கின் குறையை மறைத்தல் பாவம், வாங்கிய கடனைத் தவணையில் தராதிருத்தல் இழிவு என்பனவற்றை நம் பெரியவர்கள் கல்லாப்பெட்டியின் அருகில் உட்கார வைத்தே நமக்குச் சொல்லித் தந்தார்கள். இருவர் கூட்டாக நடத்திய கடையைப் பிரிக்க நேரிட்டால் என்ன செய்கிறோம்? சரக்கிருப்பை எண்ணுகிறோம். வரவேண்டிய பாக்கியையும் கொடுக்க வேண்டிய பாக்கியையும் எழுதுகிறோம். பேரேட்டை நடுவில் வைத்து, இரு தரப்புக்கும் வேண்டிய பெரியவர் ஒருவரை உட்கார வைத்து, ஐந்தொகை போட்டுப் பிரிகிறோம். பிரிந்த பிறகும் கடைவீதியில் எதிர்ப்பட்டால் ஸலாம் சொல்லிக்கொள்கிறோம். கணக்கைச் சரியாக முடித்தவர் என்று பெயரெடுப்பதே ஒரு வியாபாரிக்குப் பெரிய முதல்.

ஆனால், இருபது ஆண்டுகள் கூட்டாக நடத்திய குடும்பத்தைப் பிரிக்க நேரும்போது மட்டும் இந்த நாணயம் எங்கே போய்விடுகிறது? பேரேடு மறைகிறது. கடை திடீரென்று தம்பியின் பெயருக்கு மாறுகிறது. மாத வரும்படி பாதியாகிறது. நேற்றுவரை விருந்தாளிகளிடம் பெருமையாகக் காட்டிய வீடு, கோர்ட்டில் கடன்பட்ட வீடாகிவிடுகிறது. இத்தனையையும் செய்துவிட்டு, கெட்டிக்கார வக்கீல் ஒருவரையும் அமர்த்தி, தீர்ப்பையும் தமக்குச் சாதகமாகப் பெற்றவர், "கோர்ட்டே சொல்லிவிட்டது, இனி எனக்கு என்ன பாரம்?" என்று நிம்மதியாக உறங்கப் போகிறார்.

அந்த உறக்கம் நியாயமான உறக்கமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி. தீர்ப்பு ஒன்றைப் பெற்றுவிட்டால், பிறருடைய உரிமை நம்முடைய பொருளாக மாறிவிடுமா?

நாவன்மையும் நெருப்புத் துண்டும்

இக்கேள்விக்கு விடை சொல்ல நாம் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் ஒன்று புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் உள்ளது. அதன் கருத்து இதுதான்: நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தாமும் ஒரு மனிதரே என்றும், வழக்காளிகளில் ஒருவர் மற்றவரைவிடத் திறமையாக வாதிட்டுவிடக்கூடும் என்றும், தாம் கேட்டதைக் கொண்டே தீர்ப்பளிக்க முடியும் என்றும் கூறினார்கள். அவ்வாறு தம் தீர்ப்பினால் ஒருவருக்கு அவருடைய சகோதரனின் உரிமை கிடைத்துவிட்டால், தாம் அவருக்குக் கொடுத்தது நெருப்பின் ஒரு துண்டே என்றும் எச்சரித்தார்கள்.

சகோதரர்களே, இதன் ஆழத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தீர்ப்பளித்தவர் நபி அவர்கள். அதைவிட உயர்ந்த நீதிமன்றம் உலகில் உண்டா? அந்த மன்றத்தின் தீர்ப்பே பிறர் உரிமையை நமக்கு ஆகுமானதாக்கிவிடாது என்றால், பத்து பகாட் கோர்ட்டின் தீர்ப்போ, ஜொகூர் பாரு கோர்ட்டின் தீர்ப்போ எப்படி ஆக்கும்? நீதிபதி தமக்கு முன் வைக்கப்பட்ட சாட்சியத்தைக் கொண்டு தீர்ப்பளிக்கிறார். அதில் அவர்மீது குற்றமில்லை. சாட்சியத்தைத் திரித்து வைத்தவனுக்கே அதன் சுமை.

அபூதாவூத் கிரந்தத்தில் இச்சம்பவத்தின் தொடர்ச்சியும் காணப்படுகிறது. அன்று வாதாட வந்தவர்கள் இருவர். பழைய வாரிசுச் சொத்து ஒன்றைப் பற்றிய தகராறு அது. இருவரிடமும் சாட்சி இல்லை. வெறும் வாய்ப்பேச்சே இருந்தது. நபியவர்களின் எச்சரிக்கையைக் கேட்டதும் இருவரும் அழுதார்கள். ஒவ்வொருவரும் என் பங்கு இவருக்கே போகட்டும் என்றார்கள். அப்போது நபியவர்கள், நியாயத்தை நாடிப் பங்கிட்டுக்கொள்ளவும், சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்ளவும், பின்னர் ஒருவரையொருவர் மன்னித்து விடுவித்துக்கொள்ளவும் வழிகாட்டினார்கள்.

வழக்கை முடிப்பதற்கு இதைவிடச் சிறந்த முறை வேறு எது? உண்மையை எண்ணி அஞ்சுதல், நியாயமாகப் பங்கிடுதல், மனக்கசப்பைத் துடைத்துக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றன. மணவிலக்குக்கும் இது பொருந்தும்.

கோர்ட்டு ஏன் நடுவில் வந்தது?

"தலாக் என்பது கணவனின் உரிமை, அதில் கோர்ட்டுக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் இன்னும் நம்மிடையே உண்டு. இக்கேள்விக்கு வரலாறு விடை சொல்லும்.

கடற்காலுக்கு அப்பாலுள்ள சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். 1950களின் தொடக்கத்தில் அங்கே முஸ்லிம்களின் மணவிலக்கு மிக எளிதாக நடந்து வந்தது. காலையில் கோபம், மாலையில் தலாக், மறுநாள் குழந்தைகளோடு தாய்வீடு என்ற நிலையில் பெண்கள் பலர் தவித்தார்கள். 1952இல் கதீஜுன் நிஸா சிராஜ் முதலிய பெண்மணிகள் சேர்ந்து பி.பி.ஐ.எஸ். என்னும் முஸ்லிம் பெண்கள் சங்கத்தைத் தொடங்கி, இக்கொடுமைக்கு முடிவு வேண்டுமெனக் குரல் எழுப்பினார்கள். 1957இல் முஸ்லிம்கள் சட்டம் இயற்றப்பட்டது. 1958இல் ஷரீஅத் நீதிமன்றம் நிறுவப்பட்டது. அதன்பின் அங்கே மணவிலக்குகள் வெகுவாகக் குறைந்தன. மார்க்கம் மாறவில்லை. மார்க்கம் கேட்ட நிதானத்தைக் காப்பதற்கு ஒரு மன்றம் ஏற்பட்டது, அவ்வளவே.

நம் மலேசியாவிலும் அவ்வழியே சட்டங்கள் ஏற்பட்டன. இஸ்லாமியக் குடும்ப விவகாரம் அந்தந்த மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கூட்டரசுப் பிரதேசத்துக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டமும், ஜொகூருக்கு 2003ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டமும் உள்ளன. 1988இல் அரசமைப்புச் சட்டத்தின் 121ஆம் பிரிவு திருத்தப்பட்டு, ஷரீஅத் நீதிமன்றங்களின் அதிகாரத்திலுள்ளவற்றில் சிவில் நீதிமன்றங்கள் தலையிட முடியாதென வரையறுக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டின் திருமணம், மணவிலக்குச் சட்டம் முஸ்லிமல்லாதோருக்குரியது. ஆகவே, பக்கத்துக் கடைக்காரரான நம் இந்து நண்பருடைய மணவிலக்கு உயர்நீதிமன்றத்தில் நடந்த விதத்தைக் கேட்டுக்கொண்டு, நம்முடையதும் அவ்வாறே நடக்குமென்று எண்ணிவிடக் கூடாது.

ஆயர் ஈத்தாம் நாற்சந்தி ஊர். வடக்கே யோங் பெங், தெற்கே சிம்பாங் ரெங்கம், கிழக்கே குளுவாங், மேற்கே பத்து பகாட். நம் ஊர் பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே ஷரீஅத் கீழ்நீதிமன்றம் இருக்கிறது. பெருமதிப்புள்ள சொத்து வழக்குகள் ஷரீஅத் உயர்நீதிமன்றத்துக்குப் போகும்.

முறை இதுதான். மணவிலக்கு வேண்டுபவர், அவர் கணவராயினும் மனைவியாயினும், உரிய படிவத்தில் காரணங்களைக் கூறி விண்ணப்பிக்க வேண்டும். மறுதரப்பாருக்கு அழைப்பாணை செல்லும். இருவரும் இசைந்து, மண வாழ்வு இனி ஒட்டாது என்று நீதிபதிக்கும் தெளிவானால், கணவர் நீதிமன்றத்தின் முன்னிலையில் ஒரு தலாக் கூறுவார், அது பதியப்படும். ஒருவர் இசையாவிட்டாலோ, சேர்ந்து வாழ வழியிருப்பதாக நீதிபதி கருதினாலோ, இணக்கக் குழு அமைக்கப்படும். அதில் மார்க்க அதிகாரி ஒருவர் தலைமை ஏற்பார். கணவர் சார்பில் ஒருவரும் மனைவி சார்பில் ஒருவரும் இருப்பார்கள். அதுவும் பயன் தராவிடில் ஹகம் எனப்படும் நடுவர்கள் நியமிக்கப்படலாம். மனைவிக்குத் தனியே திறந்துள்ள வாசல்களும் உண்டு: ஈடு கொடுத்துப் பெறும் குலா, நிபந்தனை மீறலால் வரும் தஃலீக், தக்க காரணத்தால் நீதிமன்றமே ரத்துச் செய்யும் பஸ்கு.

கோபத்தில் வீட்டிலேயே தலாக் சொல்லிவிட்டவர் என்ன செய்வது? ஏழு நாட்களுக்குள் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தச் சொல் மார்க்கப்படி செல்லுமா என்று நீதிமன்றம் விசாரித்து முடிவு சொல்லும். அனுமதியின்றிக் கோர்ட்டுக்கு வெளியே தலாக் சொல்வது தண்டனைக்குரிய குற்றமுமாகும். அது செல்லுமா செல்லாதா என்று கடைத்திண்ணையில் நான்கு பேர் கூடி முடிவு செய்யும் காலம் போய்விட்டது.

ஒரு தலாக்குக்குப் பின் இத்தாக் காலம் வருகிறது. அதற்குள் மனம் மாறிச் சேர்ந்துகொள்ள இடமுண்டு. அந்த ருஜூவையும் பதிய வேண்டும். இத்தனை படிகளையும் நம்மைத் தொல்லைப்படுத்துவதற்கென்று ஏற்பட்டவையாக எண்ணுதல் தவறு. சேர்த்து வைப்பதாயினும் பிரித்து விடுவதாயினும் நன்முறையில் செய்யவேண்டும் என்பது திருமறை காட்டும் நெறி. நன்முறைக்கு முதல் தேவை அவகாசம்.

ஊரிலே ஒன்று, இங்கே ஒன்று

நம்மவர்க்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சபராளிகளின் குடும்பம் பெரும்பாலும் இரு கரைகளில் நிற்பது. நிகாஹ் ஊர்ப் பள்ளிவாசல் தப்தரில் பதிவாகியிருக்கும்; கடை இங்கே இருக்கும். வெளிநாட்டில் நடந்த நிகாஹை இங்கே பதியாமல் விட்டவர்கள், மணவிலக்கு என்று வரும்போது முதலில் அந்த நிகாஹையே உறுதிப்படுத்த வேண்டிய நிலையில் நிற்கிறார்கள். ஊரிலிருந்து வந்த மனைவியோ கணவனின் பொறுப்பில் கிடைத்த வருகை அனுமதியில் தங்கியிருக்கிறாள். அவன் கையெழுத்திட மறுத்தால், அவள் வழக்காடுவதற்கு முன் விமானம் ஏற வேண்டியதாகிவிடலாம். இந்தக் கையெழுத்தை ஆயுதமாக்குவோர் உண்டு. மனைவியின் வாயை அடைக்கப் பயணச்சீட்டு வாங்குவது வாதம் ஆகாது, அது வன்மம்.

"ஊர் ஜமாஅத்தில் எழுதி வாங்கிவிட்டேன், முடிந்தது" என்போர்க்கும் ஒரு சொல். சென்னை உயர்நீதிமன்றம் 2017 ஜனவரியில், தலாக் பற்றிக் காஜிகள் கொடுக்கும் சான்றிதழ் ஓர் அபிப்பிராயமே என்றும், கோர்ட்டுகள் அதைச் சட்ட ஆதாரமாகக் கொள்ளலாகாதென்றும் கூறியது. 2023இல் அதே நீதிமன்றம், குலா பெற விரும்பும் பெண் குடும்ப நீதிமன்றத்தையே அணுக வேண்டும். தனியார் ஷரீஅத் மன்றங்கள் மணவிலக்குச் சான்று வழங்க முடியாது என்றது. 2024 அக்டோபரில் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பு நம்மவர் அனைவரும் அறிய வேண்டியது. 2010இல் மணந்த மனைவிக்குத் தலாக் சொல்லிவிட்டதாகக் கணவர் கூறினார்; தனியார் மன்றம் ஒன்றின் சான்றிதழையும் காட்டினார்; மறுமணமும் செய்துகொண்டார். மனைவியோ தலாக் முறைப்படி நடக்கவில்லை என்றார். மனைவி மறுக்கும்போது, தலாக் நடந்ததென்று கணவர் தாமே தீர்மானித்துக்கொள்ள முடியாது. தம் வழக்குக்குத் தாமே நீதிபதியாக இருக்க முடியாது. கோர்ட்டில் நிரூபித்து உத்தரவு பெறவேண்டும் என்று நீதிபதி கூறினார். அப்பெண்ணுக்கு 5 இலட்ச ரூபாய் நஷ்டஈடு தரவேண்டுமென்ற கீழ்க்கோர்ட்டு உத்தரவும் நிலைத்தது.

கடிதத்திலும் தொலைபேசியிலும் ஒரே மூச்சில் முத்தலாக் அனுப்பும் வழக்கமும் இந்தியாவில் முடிந்துபோனது. உச்சநீதிமன்றம் 2017 ஆகஸ்டில் அதைச் செல்லாதென்றது; 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மூன்றாண்டுவரை சிறைக்குரிய குற்றமாக்கியது.

பழைய கதையையும் மறந்துவிடக் கூடாது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சபர் போய் ஆண்டுக்கணக்கில் திரும்பாத, பணமும் அனுப்பாத கணவன்மாரை எதிர்பார்த்து வாழ்ந்த பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! கணவன் இருந்தும் இல்லாதவள் என்ற நிலை அது. 1939இல் இந்தியாவில் வந்த முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், நான்காண்டு கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, ஈராண்டு ஜீவனாம்சம் கிடைக்காவிட்டாலோ அத்தகையவர்கள் விடுதலை கேட்க வழி செய்தது. கோலாலம்பூரில் 1984ஆம் ஆண்டுச் சட்டம் அக்காலத்தை ஓராண்டாகவும் மூன்று மாதமாகவும் குறைத்தது. விடவும் மாட்டேன், வைத்திருக்கவும் மாட்டேன் என்று ஒரு பெண்ணைத் தொங்கலில் வைப்பதைவிடக் கொடிய மணவிலக்கு எதுவுமில்லை.

வக்கீல் என்னும் சொல்

இனி வக்கீலைப் பற்றிப் பேசுவோம். இச்சொல் நமக்குப் புதியதன்று. நிகாஹ் மஜ்லிஸில் வலி உண்டு, சாட்சிகள் உண்டு, வக்கீலும் உண்டு. பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் என்பதே வகீல் என்ற அரபுச் சொல்லின் பொருள். சேர்த்து வைத்த நாளில் ஒரு வக்கீலிடம் நம்பிக்கையை ஒப்படைத்தோம். பிரிகிற நாளிலும் ஒரு வக்கீலிடம் நம்பிக்கையையே ஒப்படைக்கிறோம். இந்த இரண்டாம் வக்கீலைப் பொய்யை ஒப்படைக்கும் பெட்டியாக நாம் ஆக்கலாமா?

முதலில் தெரிய வேண்டியது: கடை ஒப்பந்தமும் நிலப்பத்திரமும் எழுதித் தரும் வக்கீல் எல்லாரும் ஷரீஅத் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. ஷரீஅத் வக்கீலாக ஜொகூர் மாநிலத்தில் அனுமதி பெற்றவரா என்று கேட்டு அறியவேண்டும். கட்டணம் எவ்வளவு, எதெதற்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சரக்கு வாங்கும்போது விலைச்சீட்டு கேட்பவர்கள்தாமே நாம்? வசதியற்றவர்க்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சட்ட உதவித் துறை இருக்கிறது. அது ஷரீஅத் குடும்ப வழக்குகளையும் நடத்தித் தருகிறது. கடையில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும், ஆதரவற்று நிற்கும் பெண்களுக்கும் இதை எடுத்துச் சொல்வது நம் கடமை.

வக்கீலிடம் போகும்போது கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை: நிகாஹ் சான்று, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள், வரும்படிக் கணக்கு, வங்கிக் கணக்கு, வீடு நிலப் பத்திரங்கள், இதுவரை குடும்பத்துக்குக் கொடுத்துவந்ததற்கான குறிப்புகள். இவற்றோடு இன்னொன்றும் வேண்டும்: முழு உண்மை. வைத்தியரிடம் நோயை மறைத்தவன் உடம்பையே கெடுத்துக்கொள்வான். வக்கீலிடம் உண்மையை மறைத்தவன் வழக்கையும் கெடுப்பான், மறுமையையும் கெடுப்பான். நல்ல வக்கீல் நம் ரகசியத்தைக் காப்பார். ஆனால், தெரிந்தே கோர்ட்டை ஏமாற்ற மாட்டார். பிள்ளைகளின் நலம் என்ன, சமரசத்துக்கு வழியுண்டா என்று அவர் முதலில் கேட்பாரானால், அவரை நம்பலாம். சொத்தை எப்படி மறைக்கலாம் என்று கேட்குமுன்பே சொல்லித் தருபவரானால், அவர் வாசலை விட்டு இறங்கிவிடுவதே நன்று. இன்று மனைவியை ஏமாற்றக் கற்றுத் தருபவர் நாளை நம்மையும் ஏமாற்றுவார்.

ஷரீஅத் நீதிமன்றத்தில் சுல்ஹு மஜ்லிஸ் என்ற ஏற்பாடு உண்டு. ஜீவனாம்சம், சொத்து, பிள்ளை பராமரிப்பு ஆகியவற்றில் சுல்ஹு அதிகாரியின் முன் இருவரும் அமர்ந்து பேசி உடன்பாட்டுக்கு வரலாம். அது நீதிமன்ற உத்தரவாகவும் ஆகலாம். உரிமை இன்னது, கேட்கத்தக்கது இன்னது என்று வக்கீலிடம் முன்கூட்டியே தெளிந்துகொண்டு சுல்ஹுக்குப் போகிறவர் ஏமாறவும் மாட்டார், ஏமாற்றவும் மாட்டார். கணக்குத் தெரிந்த இருவர் பேசி முடிப்பதற்கும், கணக்குத் தெரியாத ஒருவரை மற்றவர் பேசி மடக்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை வியாபாரிக்கு விளக்க வேண்டுமா?

கணக்கின் பத்திகள்

அந்தக் கணக்கில் வரும் பத்திகளையும் பார்த்துவிடுவோம்.

கொடுபடாத மஹர் இருந்தால் அது முதல் கடன். நிகாஹில் பேசிவிட்டு, பிறகு கேட்க மாட்டாள் என்ற தைரியத்தில் விட்டு வைத்தது கடன் அல்லாமல் போய்விடாது. கொடுக்கத் தவறிய ஜீவனாம்சப் பாக்கி இரண்டாவது. இத்தாக் கால ஜீவனாம்சம் மூன்றாவது.

முத்ஆ என்னும் ஆறுதற்கொடை நான்காவது. தக்க காரணமின்றி விலக்கப்பட்ட மனைவி இதைக் கோரலாம். இதில் ராவுத்தர்மார் சிலர், "எங்கள் ஹனபி மத்ஹபில் இது பெரும்பாலும் சுன்னத்துதானே" என்பார்கள். ஷாபிஈ மத்ஹபில் இது கடமை. நம் மாநிலச் சட்டங்களிலும் இடம்பெற்றுள்ளது. மத்ஹபு வேற்றுமை அறிவுக்கு உரியது. பணம் கொடுக்க வேண்டிய நேரத்தில் மட்டும் அதை நினைத்துக்கொள்வது அறிவாகாது.

ஐந்தாவது, ஹர்த்தா செபெஞ்சாரியான் என்று மலாயில் வழங்கும் கூட்டுத் தேட்டம். மணவாழ்வின்போது தேடிய சொத்தில் இருவரின் உழைப்பையும் எடைபோட்டுக் கோர்ட்டு பங்கிடும். கணவனே தனியாக உழைத்துத் தேடியது என்றாலும், வீட்டைக் காத்துப் பிள்ளைகளை வளர்த்த மனைவியின் பங்கையும் சட்டம் கணக்கில் எடுக்கிறது. அங்கே தேடியவருக்கே பெரும்பங்கு என்றும் சொல்கிறது. ஆதலால், எல்லாம் பறிபோய்விடும் என்ற பீதிக்கும் இடமில்லை.

பிள்ளைகள் கணக்கில் அடங்காதவர்கள். ஆயினும் அவர்களைப் பற்றியே மிகுதியான பேரம் நடக்கிறது. சிறு பிள்ளைகளைப் பேணும் உரிமையாகிய ஹளானத்து முதலில் தாய்க்கே உரியது: ஆண்பிள்ளைக்கு 7 வயதுவரை, பெண்பிள்ளைக்கு 9 வயதுவரை. கோர்ட்டு அதை 9 என்றும் 11 என்றும் நீட்டிக்கலாம். பிள்ளை யாரிடம் இருந்தாலும் செலவு தந்தையின் பொறுப்பு. "சொத்து கேட்காதே, பிள்ளையை விடுகிறேன்" என்று பேரம் பேசுபவன் தன் பிள்ளையையே சரக்காக்குகிறான்.

மூன்று மறுப்புகள்

இதற்கு மறுப்புகள் எழும். முதலாவது: "என் சம்பாத்தியம், அவள் கடைக்கே வந்ததில்லை." சுபுஹுக்கு முன் எழுந்து கடைச் சிப்பந்திகளுக்கும் சேர்த்துச் சமைத்தவள் யார்? நாம் சபரில் இருந்த ஆண்டுகளில் ஊரில் பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவள் யார்? கடை திறக்க முதல் போதாதபோது கழுத்து நகையைக் கழற்றிக் கொடுத்தவள் யார்? இவை பேரேட்டில் எழுதப்படாத வரவு. எழுதப்படாததால் இல்லை என்று ஆகிவிடாது.

இரண்டாவது: "அவளும் வக்கீல் வைத்து இல்லாததையெல்லாம் கேட்கிறாளே." உண்மையில் அப்படி நடப்பதும் உண்டு. கணவன் அடிக்காமலே அடித்தான் என்பதும், பெற்றதைப் பெறவில்லை என்பதும், பிள்ளையைத் தகப்பன்மீது ஏவிவிடுவதும் அதே நெருப்புத் துண்டுதான். ஆண், பெண் என்ற பேதம் அதற்கு இல்லை. ஆனால், எதிர்க்கடைக்காரன் கள்ளத் தராசு வைத்திருக்கிறான் என்பதற்காக நாமும் வைக்கலாமா? மிகையான கோரிக்கையை மறுத்து வாதாடவே நமக்கும் வக்கீல் இருக்கிறார். பொய்யை மறுப்பது உரிமை. பதிலுக்குப் பொய் சொல்வது உரிமையாகாது.

மூன்றாவது: "சட்டம் விட்டுவைத்த வழியைத்தானே பயன்படுத்துகிறேன்?" சட்டம் என்பது வேலி. வேலிக்குள் இருப்பவை எல்லாம் நல்ல பயிர் என்று பொருளில்லை. கடனுக்குக் காலாவதிச் சட்டம் உண்டு. ஆறாண்டு கடந்தால் கோர்ட்டு கேட்காது. அதனால் நாம் பட்ட கடனை இல்லையென்று சொல்லும் வியாபாரியை யாராவது நாணயஸ்தன் என்கிறோமா? கடைக்கு வைத்திருக்கும் நியாயத்தை வீட்டுக்கும் வைத்தால் போதும்.

இந்த மறுப்புகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. நாம் ஒருத்திக்குக் கணவராயிருப்பதுபோல் ஒருத்திக்குத் தகப்பனாகவும் இருக்கிறோம், சகோதரனாகவும் இருக்கிறோம். நம் மகளை அவள் கணவன் விலக்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கடையைத் தம்பி பெயருக்கு மாற்றிவிட்டான், வரும்படியைக் குறைத்துக் காட்டுகிறான் என்று கேள்விப்பட்டால் நம் நெஞ்சு என்ன சொல்லும்? ஊரைக் கூட்ட மாட்டோமா? அந்த நெஞ்சையே நம் வழக்கிலும் நீதிபதியாக உட்கார வைப்போம். வேறொருவர் பெற்ற பெண்ணும் மகளே.

சங்கத்தார் செய்யத்தக்கவை

குடும்ப மானம் என்ற பெயரால் கோர்ட்டையும் வக்கீலையும் தவிர்த்து, பலவீனமானவரை மடக்கி எழுதி வாங்கும் பஞ்சாயத்துக்கு நம் சங்கங்கள் துணை போகக் கூடாது. அதற்கு மாறாக, இரு தரப்பையும் உட்காரவைத்து உரிமைகளைத் தெரிவிக்கலாம். தகுந்த ஷரீஅத் வக்கீலிடமும் சட்ட உதவித் துறையிடமும் அனுப்பலாம். மலாய் மொழியில் உள்ள படிவங்களைப் படித்துச் சொல்ல ஆள் தரலாம். ஊரில் நடந்த நிகாஹை இங்கே பதியாதவர்களைப் பதியச் செய்யலாம். இணக்கக் குழுவில் அமர நம்மில் ஒருவர் அழைக்கப்பட்டால், எந்தத் தரப்பின் சார்பில் போனாலும் நியாயத்தின் சார்பில் பேசலாம்.

சகோதரர்களே! மணவிலக்கு ஆகுமாக்கப்பட்டவற்றில் வெறுப்புக்குரியது என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதைத் தவிர்க்க முடிந்தவர்கள் தவிர்க்கட்டும். தவிர்க்க முடியாதவர்கள் கணக்கை முடித்துப் பிரியட்டும். வக்கீலுக்குக் கொடுத்த கட்டணத்துக்கு ரசீது கிடைக்கும். தீர்ப்பின் நகலும் கிடைக்கும். ஆயினும், நம்மோடு வாழ்ந்தவளின் உரிமையை முழுதும் கொடுத்துவிட்டோமா என்பதற்கு எந்தக் கோர்ட்டும் ரசீது தருவதில்லை. அந்தக் கணக்கு வேறொரு மன்றத்தில் திறக்கப்படும். அங்கே நாவன்மைக்கு இடமில்லை, வக்கீலும் வரமாட்டார்.

அந்நாளில் தலை குனியாமல் நிற்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.